ஏழு மீட்டருக்கு மேல் ஆறு கிடையாது

மார்ச் 4

காலையில் பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்ததில் நின்றுகொண்டே போனேன். அலுவலகத்தில் என் நாற்காலியைக் கூட்டத்துக்கு எடுத்துப்போயிருந்தார்கள். என்னைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. நாற்காலியை மட்டும்தான்.

மதியத்துக்கு மேல் இயக்குநர் கூப்பிட்டு, இந்த ஆண்டு அறிக்கைக்கான கணக்கை என்னிடம் ஒப்படைத்தார். எங்கள் ஏரிப் படுகை அலுவலகம் கண்காணிக்கும் ஏரியில் ஐந்து ஆறுகள் விழுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டில் ஒரு நாள் தண்ணீர் மிக அதிகமாக ஓடும், ஒரு நாள் மிகக் குறைவாக. அந்த நாட்களை மட்டும் பொறுக்கி ஆண்டுவாரியாக அடுக்கி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். என் வயதில் மற்றவர்கள் தங்கள் ரத்த அழுத்தத்துக்குச் செய்வதை நான் ஆறுகளுக்குச் செய்கிறேன்.

"சீக்கிரம் முடிச்சுடுங்கம்மா. முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே," என்றார்.

என்ன முடிவு என்று கேட்டேன்.

"மாற்றம் இல்ல."

மார்ச் 19

ஆறுகளுக்கு ஊரில் பெயர் உண்டு, அலுவலகத்தில் எண்தான். தம்பி வீட்டுப் பக்கம் ஓடுவது ஆறு எண் மூன்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் "ஆறா, மூணா?" என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். எதையுமே.

இன்று அதன் ஆண்டு உச்சங்களைத் திரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். 7.00. 7.00. 6.85. 7.00. 7.00. 6.90. 7.00. இருபத்தைந்து ஆண்டுகளில் பதினாறு முறை துல்லியமாக ஏழு மீட்டர். ஒரு ஆறு இத்தனை ஒழுக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் இத்தனை முறை ஒரே நேரத்துக்கு வந்ததில்லை.

மார்ச் 22

விடுமுறை. பாலத்துக்குப் போனேன்.

பாலத்தின் கீழே கரையை ஒட்டி அளவுக்கம்பம் நிற்கிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த இரும்பு. பூஜ்யம் முதல் ஏழு வரை எண்கள். ஏழுக்கு மேலே கம்பம் இல்லை, ஆகாயம்தான். தினமும் வந்து தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறவருக்கு 'நீர்மட்ட வாசிப்பாளர்' என்று பதவிப்பெயர். பாலத்து நிழலில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய வெள்ளம் வந்தா எவ்வளவுன்னு எழுதுவீங்க?"

"ஏழு."

"கம்பமே முழுகிட்டா?"

"ஏழு."

"அதுக்கு மேல எவ்வளவு தண்ணின்னு..."

"மேடம், நான் வாசிப்பாளர். எழுத்து இருந்தாத்தானே வாசிக்க முடியும்?"

அவருடைய பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன்.

கோடையில் ஆறு மெலிந்து கம்பத்தை விட்டு எட்டி ஓடுகிறது. அப்போது பூஜ்யம் என்று எழுதுகிறார். மழையில் கம்பம் மூழ்குகிறது. அப்போது ஏழு. ஆக, மிகக் குறைந்த ஓட்டமும் எங்களுக்குத் தெரியாது, மிக அதிக ஓட்டமும் தெரியாது. அவை இரண்டையும் பற்றித்தான் அறிக்கை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். வெளியே அது பழமொழி. எங்களிடம் அது அளவீட்டு முறை.

இன்னொன்றும் இன்றுதான் உறைத்தது. விதிப்படி அபாய மட்டம் 7.25. கணினியில் அந்த அளவு பதிவானால்தான் சைரன் தானாக ஒலிக்கும், எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகும். ஏழு மீட்டர் கம்பத்தில் ஏழே காலை யார் பார்ப்பது? 'இதுவரை ஒரு பொய் எச்சரிக்கைகூட விடாத அலுவலகம்' என்று வரவேற்பறையில் எங்களுக்கு ஒரு கேடயம் இருக்கிறது.

ஏப்ரல் 9

அறிக்கை கணினியில் உள்ள இருபத்தைந்து ஆண்டுகளை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஆற்றின் வரலாறு எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த ஆண்டில் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டையும் பிந்தைய ஆண்டுகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, கூடியதா குறைந்ததா என்று எண்ணுவது சோதனை. சமமாக இருந்தால் எண்ணிக்கையில் சேராது. ஏழுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. முடிவு: மாற்றம் இல்லை. ஏழரை மீட்டர் வந்திருந்தாலும் ஒன்பது வந்திருந்தாலும் மாற்றம் இல்லை.

அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் கீழ்த்தளத்தில் காகிதமாகக் கிடந்தன. இரண்டு வாரமாகத் தும்மிக்கொண்டே தட்டச்சு செய்தேன். அதே கம்பம், அதே இடம். அந்த முப்பது ஆண்டுகளில் ஏழு வந்தது மூன்று முறை.

எவ்வளவு உயர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை முறை கம்பத்தை மூழ்கடித்தது என்று தெரியும். முன்பு பத்தாண்டுக்கு ஒரு தரம். இப்போது மூன்று ஆண்டுகளில் இரண்டு தரம். போக்கு என்றால் இதுதானே? வேறு என்ன?

ஏப்ரல் 10

தூக்கம் சரியில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

பாலத்துக்குக் கீழே, ஆறு ஏரியில் விழும் தாழ்நிலம் முன்பு வெறும் நாணற்காடு. வெள்ளம் வந்தால் அங்கே பரவிக்கொள்ளும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைச் சுற்றிக் கரை கட்டி, உள்ளே குடியிருப்பு கட்டினார்கள். கரைக்கு உயரம் வேண்டும் அல்லவா, எங்கள் அலுவலகத்தைக் கேட்டார்கள். உச்சம் ஏழு மீட்டர் என்று சொன்னோம். பாதுகாப்புக்கு அரை மீட்டர் கூட்டிக்கொண்டார்கள். ஏழரை. எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவருக்குக்கூட அந்த எண்ணைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் அந்தக் கரைக்கு உள்ளே இருக்கிறார்கள்.

மே 3

தம்பி வீட்டுக்குப் போனேன். முன்பக்கம் பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை, பின்பக்கம் வீடு. ஒற்றைத் தளம், மாடி கிடையாது. மனிதர்களைவிட பிரிட்ஜ்கள் அதிகம். உட்கார இடம் கேட்டால் ஒரு பிரிட்ஜைத் தட்டிக்கொடுத்து நகர்த்துவான்.

"மழைக்காலம் மட்டும் மூணு பேரும் என் வீட்டுல வந்து இருங்கடா."

"மூணாம் மாடிக்கு இத்தனை பிரிட்ஜையும் ஏத்தட்டுமா? லிஃப்ட்டாவது இருக்கா உங்க கட்டடத்துல?"

"பிரிட்ஜ் எதுக்கு? நீங்க வாங்க."

"ஊரான் பொருள் அக்கா. அவனவன் நம்பி விட்டுட்டுப் போயிருக்கான்." ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்துச் சொன்னான்: "சின்ன வயசுலேருந்து இதேதான். மழை வரும், குடை எடுத்துட்டுப் போ, குடை எடுத்துட்டுப் போ. மழை வந்ததே இல்ல. குடைதான் ஏழெட்டு தொலைஞ்சுது."

அவன் மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவனிடம் உள்ள கஷ்டம்.

கம்பத்தின் கதையை முழுவதும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான்.

"சரி. ஆனா உங்க ஆபீஸ் ரிப்போர்ட்டே ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதே. வீடு விக்கிறவன் அதைத்தானே காட்டினான், பளபளன்னு அட்டை போட்டு."

"அது தப்புடா."

"அப்ப அதை உங்க ஆபீஸை ஒத்துக்கச் சொல்லு. அடுத்த நாளே மூட்டை கட்டிட்டு வரேன். சத்தியமா."

நியாயமான நிபந்தனை. நிறைவேறாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மே 20

அறிக்கையின் வரைவைக் கொடுத்துவிட்டேன். ஆறு எண் மூன்று: உச்ச ஓட்டம் ஏறுமுகம். கரை போதாது.

ஜூன் 11

குழுக்கூட்டம். இந்த முறை நாற்காலியோடு என்னையும் அழைத்தார்கள்.

இயக்குநருக்கு அடுத்து முக்கியமானவர் கமா. அறிக்கைகளின் மொழியைச் சரிபார்ப்பவர். கால்புள்ளி இல்லாத வாக்கியத்தைக் கண்டால் காய்ச்சல் வரும் என்பதால் அந்தப் பெயர். 'ஏறுமுகம்' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. "பங்குச்சந்தை மாதிரி இருக்கு மேடம்," என்றார்.

காகித ஆண்டுகளை ஏற்க முடியாது என்றார் இயக்குநர். ஏன்? காகிதத்தில் இருப்பதால். இன்றைய வெள்ளங்களின் உண்மையான உயரம் உங்களிடம் இருக்கிறதா என்றார். இல்லை. இல்லாத எண்ணை வைத்து எப்படி வாதாடுகிறீர்கள் என்றார். இருக்கிற எண் கம்பத்தின் நீளம் சார், ஆற்றின் உயரம் இல்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. எல்லாரும் தேநீரைப் பார்த்தார்கள்.

"அந்தக் குடியிருப்புல ஆளுங்க இருக்காங்க சார். என் தம்பி இருக்கான்."

சொல்லியிருக்கக் கூடாது. இயக்குநரின் முகம் கனிந்துவிட்டது. கனிந்த முகத்தோடு வாதாட முடியாது.

"அதானே பாத்தேன். சொந்தக்காரங்க இருந்தா யாருக்கும் மனசு பதறும்மா. ஒண்ணும் தப்பில்ல."

அந்த நிமிடத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுக் கணக்கு ஓர் அக்காவின் கவலையாகிவிட்டது.

முடிவில் இரண்டு சலுகை. ஒன்று: 'போக்கு எதுவும் இல்லை' என்பதை 'தெளிவான போக்கு எதுவும் இல்லை' என்று மாற்றுவது. இரண்டு: கம்பத்தை நீட்டுவது. நீட்டிய கம்பத்தில் முப்பது ஆண்டுத் தரவு சேர்ந்ததும் கரையின் உயரம் மறுபரிசீலனை செய்யப்படும்.

முப்பது ஆண்டு கழித்து எனக்கு எண்பது வயது இருக்கும். இயக்குநருக்கு வயதே இருக்காது.

ஜூன் 14

'தெளிவான' என்ற சொல்லைக் கமா எடுத்துவிட்டார். வரி அடுத்த பக்கத்துக்குப் போகிறதாம்.

ஜூன் 30

நகராட்சிக்குப் போனேன். கரை ஏரிப் படுகை அலுவலகத்தின் எண்ணுக்குக் கட்டப்பட்டது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். அப்படியானால் அங்கேயே இருந்திருக்கலாமே என்றார்கள்.

பத்திரிகை அலுவலகத்தில் ஒரு இளைஞர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பி, "வெள்ளம் வந்ததும் அவசியம் கூப்பிடுங்க மேடம்," என்றார்.

ஜூலை 23

கம்ப நீட்டிப்பு விழா.

நீட்டுவது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். பூஜ்யம் மாறக் கூடாது, மாறினால் ஐம்பத்தைந்து ஆண்டும் குப்பை, பழைய கம்பத்தோடு தொடர்ச்சி வேண்டும் என்று எழுதினேன். தொடர்ச்சி என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பழைய கம்பத்தின் தலையில் மூன்று மீட்டர் புதுக்கம்பத்தை வைத்துத் திருகாணி போட்டுவிட்டார்கள். அடியில் அதே பழைய அடித்தளம். குட்டைப் பையன் தலையில் இன்னொருவன் ஏறி நிற்பதுபோல் இருக்கிறது. அடித்தளத்தைப் பற்றிக் கேட்டேன். அது அடுத்த நிதியாண்டாம்.

இயக்குநர் நாடா வெட்டினார். "இனி எந்த வெள்ளமும் நம் கணக்கிலிருந்து தப்ப முடியாது" என்று பேசினார். கைதட்டல். வாசிப்பாளர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"எழுத்து இருக்கு, சரி. ஒன்பதாவது மீட்டரை நான் எங்க நின்னு வாசிக்கிறது மேடம்?"

ஆகஸ்ட் 16

தம்பி மனைவி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், மூன்று மாடி ஏறி. தண்ணீர் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, சைரன் அடிச்சா, அதுலேருந்து தண்ணி கரைக்கு மேல வர எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு மணி நேரம். குறையவும் செய்யலாம்."

"போதும். நானும் பாப்பாவும் அரை மணில கிளம்பிடுவோம். பையைக் கட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன். அவர்கிட்ட சொல்லாதீங்க, கிண்டல் பண்ணியே கொல்லுவார்."

"அவன்?"

"அவரைக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு. நான் சொன்னா பொண்டாட்டி பயப்படுறான்னு சொல்லுவார். நீங்க சொன்னாத்தான் யோசிக்கவாவது செய்வார்."

ஐந்து மாதமாக எத்தனை மேசைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். உருப்படியான கேள்வி ஒன்றை ஒருத்திதான் கேட்டாள்.

செப்டம்பர் 21

மழை இல்லை. கம்பத்தில் 1.80. வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

"மேடம், உங்க வெள்ளமும் பஸ்ஸை விட்டுடுச்சா?" என்றார் கமா. நல்ல வாக்கியம். திருத்த ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு உச்சம் நான்கைத் தொடாவிட்டால் அடுத்த அறிக்கையில் போக்கு இறங்குமுகம் என்றே வரும். நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 30

ஏழே கால் வந்தால் போதும். கரைக்குள்ளேயே நிற்கட்டும். யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டாம். கரையின் விளிம்பு வரை வந்து தம்பியின் கண்ணில் பட்டுவிட்டுத் திரும்பிப் போகட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் நான்? கூடப்பிறந்தவன் தெருவுக்கு வெள்ளம் வா வா என்று கூப்பிடுகிறேன். அதிலும் அளவு சொல்லி. சீ. எனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு?

அக்டோபர் 13

மேற்கே மலைப்பக்கம் மூன்று நாளாக விடாமல் மழை. இங்கே தூறல்தான். கம்பத்தில் 3.95.

அக்டோபர் 15

5.70. தம்பியிடம் பேசினேன். "குடை எடுத்துட்டுத்தான் போறேன் அக்கா," என்றான்.

அக்டோபர் 17

பிற்பகல். அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன்.

விடியும்போது 6.60. நான் ஏழு மணிக்கே வந்துவிட்டேன். எட்டரை வாக்கில் வாசிப்பாளர் போன் செய்தார். பின்னால் ஆற்றின் சத்தம், லாரி ஓடுவதுபோல்.

"மேடம், கம்பம் இல்ல."

"முழுகிடுச்சா?"

"இல்ல, போயிடுச்சு. ஒரு மரம் வந்து இடிச்சுது. மொத்தமா சாஞ்சு, ரெண்டு கம்பமும் சேர்ந்தே போயிடுச்சு."

"தண்ணி எவ்வளவு இருக்கு? உங்க கண்ணுக்கு?"

"கம்பம் இல்லாம எப்படி மேடம் சொல்றது? நிறைய இருக்கு."

தொடர்ச்சி வேண்டும் என்று எழுதியவள் நான்.

இயக்குநரைக் கூப்பிட்டேன். அளவு இல்லாமல் எச்சரிக்கை விட விதியில் இடம் இல்லை என்றார். "கடைசி அளவு ஆறு அறுபதுதானே? அபாய மட்டத்துக்குக் கீழதான் இருக்கோம்," என்றார். புதுக்கம்பம் வைத்ததும் அளவெடுத்துக்கொண்டு கூப்பிடச் சொன்னார். கேலி செய்யவில்லை. அப்படித்தான் யோசிக்கிறார்.

திரையில் ஆறு எண் மூன்றுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. இருபத்து மூன்று வருட வேலையில் ஒரு எண்ணைக்கூட நான் கையிலிருந்து போட்டதில்லை. சந்தேகம் என்றால் காலியாக விடு என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

7.30 என்று தட்டினேன்.

அரை நிமிடத்தில் சைரன். இங்கே வரைக்கும் கேட்டது. அலுவலகம் தொடங்கியதிலிருந்து முதல் தடவை. எங்கள் ஆட்களே என்ன சத்தம் என்று ஜன்னலுக்கு ஓடினார்கள்.

தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, சைரன் கத்துது. நிஜமாவா? கம்பத்துல எவ்வளவு?"

ஏழு முப்பது என்று சொல்லியிருக்கலாம். அப்போதுதானே தட்டினேன், வாயில் அதே எண் இருந்தது. ஊருக்கே சொல்லியாயிற்று. அவன் கேட்டதும் வரவில்லை. அவனிடம் பொய் வராது எனக்கு, வந்ததே இல்லை—

"கம்பம் போயிடுச்சுடா. எவ்வளவுன்னு தெரியல. நானாத்தான் போட்டேன்."

சிரித்தான்.

"நீயா போட்டியா! அதானே பாத்தேன்."

"டேய், கிளம்புடா. தெரியலன்னாலும் கிளம்பு."

"இவங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. நான் பிரிட்ஜையெல்லாம் மேசை மேல ஏத்திட்டு வரேன். பதறாதே. அந்த எண் நீ போட்டது அக்கா, ஆறு போட்டதில்ல."

அதற்கு மேல் நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கமா வந்து என் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்தார். அழைப்பு எப்போதோ முடிந்திருந்தது.

பதினொன்றரைக்குக் கரை உடைந்ததாகச் செய்தி.

அதற்குள் கிளம்பியிருப்பான். மூன்று மணி நேரம் இருந்ததே. இரண்டாவது பிரிட்ஜோடு சலித்துப் போய்க் கிளம்பியிருப்பான். அவனுக்குப் பொறுமை கிடையாது. கிடையவே கிடையாது.

அக்டோபர் 18

போன் அணைந்திருக்கிறது.

அக்டோபர் 19

குடியிருப்பில் எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்று வானொலி சொல்கிறது. ஒருவரைத் தவிர எல்லாரும் என்பதை வானொலி எப்படிச் சொல்லும்? அதற்குத் தெரியாது. வந்து கேட்கச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.

அக்டோபர் 20

தம்பி கிடைத்துவிட்டான். அலுவலகத் தமிழில் 'மீட்கப்பட்டார்'. உயிரோடு கொண்டுவந்தாலும் அதே சொல், இப்படிக் கொண்டுவந்தாலும் அதே சொல்.

பிரிட்ஜ் மிதக்கும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் உள்ளே வந்ததும் எல்லாம் மிதந்து போய்க் கதவில் அடைத்துக்கொண்டனவாம். தீயணைப்பு வீரர் விளக்கினார். அவருக்கு எனக்கு விளக்க வேண்டியிருந்தது. எனக்கும் கேட்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 29

தம்பி மனைவியும் பாப்பாவும் என் வீட்டில் இருக்கிறார்கள். அவள் சமைக்கிறாள், பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், என் துணியையும் சேர்த்துத் துவைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. அவரைக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்பு என்று சொன்னவள். அன்று போனில் என்ன பேசினோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பேசாதது எனக்கு வசதியாக இருக்கிறது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பாப்பா மட்டும் கேட்டாள்: "அத்தை, சைரனை அடிச்சது நீங்கதானாமே? எங்க கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. அவங்க எல்லாரும் தப்பிச்சிட்டாங்களாம்."

ஆமாம் என்றேன்.

ஊருக்குப் பொய் சொன்னேன், பிழைத்தது. அவன் ஒருத்தனுக்கு உண்மையைச் சொன்னேன்.

நவம்பர் 6

ஒரே உறையில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, சரியான நேரத்தில் எச்சரிக்கை விட்ட அலுவலகத்துக்கு மேலிடத்தின் பாராட்டு, நகல் எனக்கும். மற்றது, இல்லாத கம்பத்தில் 7.30 என்று அளவெடுத்தது எவ்வாறு என விளக்கம் கேட்டு எனக்கு மட்டும். இரண்டிலும் கால்புள்ளிகள் சரியாக இருந்தன.

இயக்குநர் என் மேசைக்கே வந்து நின்றார். கனிந்த முகம் இல்லை, வேறு ஏதோ முகம். "அந்த ஏழு முப்பதை எடுத்துடணும்மா. தரவுல பொய் இருக்கக் கூடாது. காலின்னு போட்டுடலாம்."

காலி என்று போட்டால் இந்த வெள்ளம் வரவே இல்லை. சோதனை அந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடும். மாற்றம் இல்லை.

"காலி வேண்டாம் சார். உண்மையான அளவை நானே எடுத்துட்டு வரேன்."

"எங்கேருந்து எடுப்பீங்க?"

நவம்பர் 14

வெள்ளம் வடிந்த பின் சுவரில் சேற்றுக்கோடு நிற்கும். மூடிய அறையின் உட்சுவரில்தான் அது தெளிவாக இருக்கும். வெளியே அலை அடித்துக் கலைத்துவிடும். பாலத்தின் தூணில் உயரம் தெரிந்த ஆதாரக் குறி ஒன்று உண்டு, ஆறு அதைக் கொண்டுபோகவில்லை. அங்கிருந்து மட்டக்கருவியால் படிப்படியாக அளந்துகொண்டு வந்தால் கம்பம் நின்றிருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தில் உள்ள முறை. பாலத்துக்கு மிக அருகில், கதவு அடைபட்ட வீடு ஒன்றுதான் இருந்தது.

அளவுகோலைப் பிடிக்க வேண்டிய உதவியாளர் பாலம் வரை பிடித்துவிட்டு, வாசல் வந்ததும் தயங்கினார். யாருடைய வீடு என்று அவருக்குத் தெரியும். தம்பி மனைவி பின்னால் வந்துகொண்டிருந்தாள். வீட்டுப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்று காலையில் என்னோடு பேருந்தில் ஏறியவள், வழியெல்லாம் ஜன்னலையே பார்த்தவள். அவர் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டாள்.

"நான் பிடிக்கிறேன்."

கூடத்தில் பிரிட்ஜ்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். சேறு காய்ந்து பாளமாக வெடித்திருந்தது. கோடு எங்கள் தலைக்கு மேலே, நான்கு சுவரிலும் ஒரே நேராக, நூல் பிடித்தாற்போல் ஓடியது. அவள் கோலைச் சுவரோடு நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"நேரா இருக்கா அண்ணி?"

பல நாளுக்குப் பிறகு அண்ணி என்றாள். கொஞ்சம் வலப்பக்கம் என்றேன். நகர்த்தினாள். நான் கருவிக்குள் கண்ணை வைத்தேன். எண்கள் கலங்கின. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"அன்னிக்கு போன்ல அவர் என்ன கேட்டார்?"

கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எவ்வளவுன்னு கேட்டான்."

"நீங்க?"

"தெரியலன்னு சொன்னேன். நானா போட்ட எண்ணுன்னு சொல்லிட்டேன்."

கோல் அசைந்தது. வட்டக் கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையும் மேலும் கீழுமாக ஆடின. கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று காத்திருந்தேன். வெகு நேரம் ஆடிற்று. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நின்றது.

"இப்ப தெரியுதுல்ல," என்றாள். "எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். ஆறு எண் மூன்று, ஆண்டு உச்சம், எட்டு புள்ளி இரண்டு ஆறு.